பொதுத் தண்ணீருக்கு யார் கணக்கு வைப்பது?

போன வருடம் மே மாதம் நமது டிரஸ்டின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் முதல் தடவையாகக் கரித்தது. பள்ளிவாசலின் தெற்குச் சுவரில் இருக்கும் ஐந்து குழாய்களில் தினமும் குடம் பிடிக்கும் லாத்தா ஒருவர்தான் அதை முதலில் சொன்னார். "டீ போட்டாக் கரிக்குது தம்பி. சோறும் ஒரு மாதிரியா இருக்கு" என்றார். கோடை என்றால் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுவாரம் ஹவுளில் உளூச் செய்தபோது என் வாயிலேயே உப்புத் தட்டியது.

அதற்கு மூன்று வாரம் முன்பு, பக்கத்துத் தெருவில் கட்டட வேலை நடத்தியவர் இரவு நேரத்தில் நம் மோட்டாரிலிருந்து ஹோஸ் போட்டுத் தண்ணீர் எடுத்துக்கொள்ளக் கேட்டார். நன்கொடையாக ஒரு தொகை தருவதாகவும் சொன்னார். கல்வி உதவி நிதியில் பணம் குறைவாக இருந்த நேரம். ரசீது போட்டு வாங்கியவன் நான்தான். எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்று எதையும் எழுதி வாங்கவில்லை. காசு வந்துவிட்டது, ஆகவே கணக்கு சரி என்று நினைத்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மழைக்குப் பிறகு தண்ணீர் ஓரளவு தேறியது. ஆனால் பொதுக்குழுவில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. "குடத்துக்கு இவ்வளவு என்று விலை வையுங்கள், விரயம் தானாக நிற்கும்" என்றார்கள் ஒரு சாரார். "தண்ணீரை விற்கவா டிரஸ்ட் நடத்துகிறோம், இருந்தபடியே இருக்கட்டும்" என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. விஷயத்தைப் படித்து எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கல்லூரியில் பொருளாதாரம் படித்தவன் என்ற ஒரே காரணம்தான்.

நான் படித்த காலத்தில் இந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு விடைதான் சொல்லித் தந்தார்கள். 1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் எழுதிய கட்டுரை அது. ஊருக்குப் பொதுவான ஒரு மேய்ச்சல் நிலம். பத்துப் பேர் ஆளுக்குப் பத்து மாடு மேய்க்கிறார்கள். ஒருவர் கூடுதலாக ஒரு மாட்டை ஓட்டி வந்தால் அதன் பால் முழுவதும் அவருக்கு. புல் குறைவதால் வரும் நஷ்டமோ பத்துப் பேருக்கும் பங்காகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொருவருக்கும் இன்னொரு மாடு ஓட்டுவதே லாபம். கடைசியில் புல்லும் இல்லை, மாடும் இல்லை. இதற்கு ஹார்டின் காட்டிய வழிகள் இரண்டு: நிலத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுப்பது, இல்லையென்றால் சட்டத்தின் கட்டாயத்தில் வைப்பது.

கணக்கு சரிதான். ஆனால் அதில் வரும் பத்துப் பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை என்பதை என் ஆசிரியர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நிஜமான ஊரில் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், பெரியவர்களிடம் போவார்கள். நிர்வாகம் இல்லாத பொதுச்சொத்தைப் பற்றியே தாம் பேசியதாக ஹார்டினே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

இதை ஆதாரத்தோடு காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி. காடு, மீன்பிடி கடல், வாய்க்கால், மலை மேய்ச்சல் என்று பொதுச்சொத்துகளை மக்களே பல நூறு ஆண்டு கெடாமல் காத்த ஊர்களைத் தேடித் தேடி ஆராய்ந்தார். 1990இல் அவர் வெளியிட்ட நூலில் வரும் ஓர் ஊர் ஸ்பெயின் நாட்டின் வலென்சியா. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நமக்கும் அதற்கும் பழைய உறவு உண்டு.

வலென்சியா நகரைச் சுற்றி ஆரஞ்சும் காய்கறியும் விளையும் பெரிய தோட்டச் சமவெளி இருக்கிறது. தூரியா என்ற ஆறுதான் அதற்குத் தண்ணீர். அந்த ஆற்றுக்கு இன்னொரு பழைய பெயர் குவாதலவியார். மதரஸாவில் ஓதியவர்கள் காதால் கேட்டாலே பிடித்துவிடுவார்கள்: வாதில் அப்யள், வெள்ளை ஆறு. வாய்க்காலுக்கு அங்கே அஸேக்கியா என்று பெயர், அரபியின் ஸாகியா. தண்ணீரைத் திருப்பும் கல்லணைக்கு அஸுத், அரபியின் ஸத்து. அந்தலூஸில் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் வளர்ந்த பாசனம் அது. 1238இல் அரகோன் அரசர் முதலாம் ஹைமே நகரைக் கைப்பற்றியபோது, வாய்க்கால்களைக் குடியேறியவர்களுக்குக் கொடுத்தார். ஆனால் தண்ணீர் பங்கிடும் முறையைக் கைவைக்கவில்லை. முன்பிருந்த வழக்கப்படியே நடக்கட்டும் என்றார். அந்த மண்ணின் முஸ்லிம்களுடைய வழித்தோன்றல்கள் 1609இல் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள். மக்கள் போய்விட்டார்கள், அவர்கள் வைத்த முறை இருக்கிறது.

இன்றும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, வலென்சியாப் பேராலயத்தின் ஒரு வாசலுக்கு முன்னால் தண்ணீர் மன்றம் கூடுகிறது. அந்தப் பேராலயம் நிற்கும் இடத்தில் முன்பு இருந்தது ஊரின் பெரிய பள்ளிவாசல். ஜும்ஆவுக்கு முந்தின நாள் என்பதால்தான் வியாழன் என்று அங்கே சொல்வதுண்டு. மன்றம் 960ஆம் ஆண்டிலேயே தொடங்கியது என்று ஒரு மரபுக்கதையும் உண்டு. அதற்கு நேரடி ஆவணம் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள், ஆகவே நாமும் பெருமைக்காக அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

எட்டு வாய்க்கால்களுக்கு எட்டு நீதிபதிகள். எல்லோரும் அந்தந்த வாய்க்காலில் பயிர் செய்யும் விவசாயிகள், விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள். வக்கீல் இல்லை. எல்லாம் வாய்மொழிதான், அவர்களுடைய வலென்சிய மொழியில்தான். வாய்க்கால் காவலர் புகார் சொல்வார், குற்றம் சாட்டப்பட்டவர் பதில் சொல்வார், அங்கேயே தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. ஒரு நுணுக்கம் பாருங்கள்: எந்த வாய்க்காலைச் சேர்ந்தவர் மீது புகாரோ, அந்த வாய்க்காலின் நீதிபதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். பல வாரங்களில் வழக்கே இருக்காது. வாய்க்கால்களின் பெயரைக் கூப்பிடுவார்கள், யாரும் வரவில்லை என்றால் சில நிமிடத்தில் கலைந்துவிடுவார்கள். 2009இல் யுனெஸ்கோ இந்த மன்றத்தையும், முர்சியா ஊரின் இதே போன்ற மன்றத்தையும் மனித குலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

மன்றத்தைவிட முக்கியம் பங்கிடும் முறை. யாருக்கும் 'இத்தனை லிட்டர்' என்று உரிமை கிடையாது. ஓடும் தண்ணீரில் இத்தனையில் ஒரு பங்கு என்பதுதான் உரிமை. ஆறு நிறைந்தால் எல்லோர் பங்கும் பெருகும், வற்றினால் எல்லோர் பங்கும் அதே விகிதத்தில் சுருங்கும். கடும் வறட்சியில் எந்தப் பயிர் கருகும் நிலையில் இருக்கிறதோ அதற்கு முதலிடம். அதுவும் பயிர் பிழைக்கும் அளவுக்கு மட்டும். தண்ணீர் முறை வைத்து வருவதால், என் முறைக்காகக் காத்திருக்கும் நான் எனக்கு மேலே பாய்ச்சுபவர் நேரத்துக்கு மடையை அடைக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். சம்பளம் இல்லாத காவல் அது. தண்டமும் முதல் தடவை சிறியதுதான். ஆளை அழிப்பது நோக்கம் இல்லை, 'எல்லோரும் பார்க்கிறார்கள்' என்று நினைவூட்டுவதுதான்.

நமது ஃபிக்ஹ் நூல்களைத் திறந்தால் இதன் வேர் தெரியும். மதீனாவின் மஹ்ஸூர் ஓடைத் தகராறில், மேலே நிலம் வைத்திருப்பவர் கணுக்கால் அளவுக்குத் தேக்கிக்கொண்டு பிறகு கீழே இருப்பவருக்குத் திறந்துவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) தீர்ப்பளித்ததாக ஹதீஸில் வருகிறது. மேலே இருப்பவருக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் அதற்கு ஓர் அளவும் உண்டு. ஃபுகஹாக்கள் இன்னொரு பிரிவினையும் செய்தார்கள். மனிதரும் கால்நடையும் குடிப்பதற்கான உரிமை 'ஷஃபா'. நிலத்துக்குப் பாய்ச்சும் பங்கு 'ஷிர்ப்'. கிணற்றுக்குச் சொந்தக்காரர் தாகத்தோடு வந்தவரைத் தடுக்க முடியாது; தோட்டத்துக்குப் பாய்ச்ச வந்தவரைத் தடுக்கலாம். 'தண்ணீர் இலவசமா, விலையா' என்ற கேள்வியே பாதித் தவறு என்று எனக்குப் பட்டது இதை மறுபடி புரட்டியபோதுதான். எந்தத் தண்ணீர், எதற்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

வலென்சியாவிலிருந்து தெற்கே அலிகாந்தே என்று ஓர் ஊர். அங்கே வேறு வழி. தண்ணீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து, ஏலத்தில் வாங்கி விற்றார்கள். அதுவும் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. சந்தை என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கேயும் மொத்தத் தண்ணீர் எவ்வளவு என்பது முன்னாலேயே தெரியும், அதற்குமேல் விற்க முடியாது. நான் நம் கிணற்றில் செய்ததற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: நான் விலை வைத்தேன், எல்லை வைக்கவில்லை.

நிலத்தடி நீர் வாய்க்கால் போல் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆகவே இன்னும் சிக்கல். நம் ஊர் போலக் கடலோரத்தில் மழைநீர் ஊறிய நல்ல தண்ணீர், அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலநீர் இயலின் பழைய கணக்கு. மேலே ஓர் அடி இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரப் பார்க்கும். ஹோஸ் போட்ட மூன்று வாரத்தில் நடந்தது அதுதான்.

ஆஸ்ட்ரம் தம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்ததும் இப்படி ஒரு கடலோர நிலத்தடி நீரைத்தான். லாஸ் ஏஞ்சலிஸ் அருகே மேற்குப் படுகை என்ற இடம். நூற்றுக்கணக்கானோர் இறைத்து இறைத்துக் கடல் உள்ளே வந்துவிட்டது. 1945இல் வழக்குப் போட்டார்கள். ஆனால் தீர்ப்புக்காகக் கைகட்டிக் காத்திருக்காமல் தங்களுக்குள் பேசி, எல்லோரும் விகிதப்படி குறைப்பது என்று 1955இல் ஓர் இடைக்கால உடன்பாட்டுக்கு வந்தார்கள். 1961இல் அது தீர்ப்பானது. ஒவ்வொருவரும் எவ்வளவு இறைத்தார் என்பதை ஒரு பொது அதிகாரி அளந்து, வருடா வருடம் எல்லோருக்கும் அறிக்கை அனுப்பினார். இறைக்கும் தண்ணீருக்கு வரி போட்டு, அந்தப் பணத்தில் நிலத்துக்குள் நல்ல தண்ணீரைத் திரும்பச் செலுத்தினார்கள். பங்கை விற்கவும் வாடகைக்கு விடவும் அனுமதி இருந்தது. எல்லை, அளவு, விலை, சந்தை எல்லாம் அதில் உண்டு. வரிசை மட்டும் கவனியுங்கள்: அளவு முதலில், விலை பிறகு.

இனி நம் தலைக்குமேல் இருக்கும் பொதுச்சொத்து. ஆகாயத்துக்கு வேலி இல்லை. நிலக்கரியும் பெட்ரோலும் எரிக்கும்போது வரும் கரியமில வாயு எந்த ஊரில் கிளம்பினாலும் எல்லா ஊரின் காற்றிலும் கலந்துவிடுகிறது. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. லாபம் எரித்தவருக்கு, வெப்பமும் வெள்ளமும் எல்லோருக்கும். ஹார்டினின் மாட்டுக் கணக்கேதான். இதில் கீழ்மடைக்காரர் பக்கத்து வயலில் நின்று பார்ப்பவர் இல்லை. வேறு கண்டத்தில் இருக்கிறார், அல்லது இன்னும் பிறக்கவே இல்லை. 1900களின் தொடக்கத்திலிருந்து உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அந்த உயர்வும் நம் கிணற்று உப்பைத்தான் தள்ளுகிறது. அமெரிக்காவில் தலைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 14 டன், இந்தியாவில் ஏறக்குறைய 2 டன். நம் லாத்தாவின் டீ கரித்ததில் என் ரசீதுக்கும் பங்கு உண்டு, எங்கோ ஓடிய காருக்கும் பங்கு உண்டு.

இதற்குப் பொருளாதார அறிஞர்கள் சொல்லும் மருந்து முக்கியமாக இரண்டு. ஒன்று வரி: பிறருக்கு ஏற்படுத்தும் நஷ்டத்தை விலையிலேயே சேர்த்துவிடுங்கள் என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிகூ 1920இல் எழுதினார். சுவீடன் 1991இலிருந்து கரியமில வாயுவுக்கு வரி வாங்குகிறது, சிறிது சிறிதாக உயர்த்தியும் வந்திருக்கிறது. இன்னொன்று பங்கு: மொத்தப் புகைக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அனுமதிச் சீட்டுகளாகப் பிரித்து, மிச்சம் பிடித்தவர் விற்கலாம் என்று விடுவது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தொடங்கியது. தொடக்கத்தில் நடந்த கூத்து நமக்குப் பாடம். எந்த ஆலை உண்மையில் எவ்வளவு புகைவிடுகிறது என்ற சரிபார்த்த கணக்கு கையில் இல்லாமலே சீட்டுகளை வாரிக் கொடுத்துவிட்டார்கள். 2006இல் கணக்கு வெளிவந்தபோது சீட்டு புகையைவிட அதிகம் என்று தெரிந்தது. 2007இல் விலை ஏறத்தாழ பூஜ்யத்துக்கு விழுந்தது. பிறகு வரம்பை இறுக்கிய பின்புதான் அது வேலை செய்தது.

வரியிலும் ஒரு முள் உண்டு. 2018இல் பிரான்ஸில் எரிபொருள் வரி ஏறப்போகிறது என்றதும் மஞ்சள் சட்டை போட்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் பஸ் வசதி இல்லாத ஊர்களிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள். காரை விட்டால் வேறு வழி இல்லை. அரசு வரி உயர்வைக் கைவிட்டது. ஒரே விலை எல்லோரையும் ஒரே மாதிரி அழுத்துவதில்லை. நம் குழாயடியில் குடத்துக்கு விலை வைத்தால் முதலில் குறைத்துக்கொள்பவர் யார்? ஆற்றுநீர் இணைப்பும் சொந்த போரும் இல்லாத வாடகை வீட்டுப் பெண்கள். மாடித் தோட்டத்துக்கு ஹோஸ் பிடிப்பவருக்கு அது ஒரு காசே இல்லை.

வசூலித்த பணம் எங்கே போகிறது என்பது அடுத்த முள். நம் நாட்டில் 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தூய எரிசக்திக்காக ஒரு வரி வந்தது. 2016க்குள் 400 ரூபாய் ஆனது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அது மாநிலங்களுக்கான இழப்பீட்டு வரியில் கரைந்துவிட்டது. வக்ஃபில் வாகிஃபின் நிபந்தனையை ஏன் அவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள் என்பது இப்படிப்பட்ட இடத்தில்தான் புரிகிறது.

இவ்வளவும் படித்துவிட்டு நான் செய்த முதல் காரியம் மீட்டர் வாங்கியது. குழாய்களுக்கு ஒன்று, ஹவுளுக்கு ஒன்று, திருமண மண்டபத்துக்கு ஒன்று. நாற்பது நாள் கணக்கு எடுத்தோம். குழாயடியில் விரயம் ஆகிறது என்றுதானே எல்லோரும் பேசினோம்? ஒரு கல்யாண நாளில் மண்டபம் இழுத்த தண்ணீர், ஐந்து குழாய்களும் நான்கு நாள் கொடுத்ததற்குச் சமமாக இருந்தது. மண்டப வாடகையில்தான் நம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறோம் என்பதையும் மறைக்கவில்லை. அதனால்தான் இத்தனை வருடம் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பொதுக்குழுவின் முன் நான் வைக்கப்போவது இது. குடிக்கவும் சமைக்கவும் ஒரு வீட்டுக்கு நாளைக்கு நான்கு குடம். யாரும் கேட்கக் கூடாது, காசு கூடாது, மத வித்தியாசம் பார்க்கக் கூடாது. அதற்குமேல் எடுப்பதற்கும் மண்டபத்துக்கும் விலை, எடுக்க எடுக்க ஏறும் விலை. வெளியே விற்பதும் கட்டட வேலைக்குக் கொடுப்பதும் எந்த நன்கொடைக்கும் இல்லை. கிணற்று நீர்மட்டம் நாம் குறித்த கோட்டுக்குக் கீழே போனால் மண்டபம், ஹவுள், விலை கொடுத்து எடுப்பவர் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறையும். நான்கு குடம் மட்டும் குறையாது. வரும் காசு மாடிகளின் மழைநீரைக் கிணற்றுக்குள் இறக்கும் வேலைக்கு மட்டும், கல்வி நிதிக்குக்கூட இல்லை. இந்தக் கடைசி வரிக்கு எதிர்ப்பு வரும் என்று தெரியும், வந்து பேசுங்கள். நீர்மட்டக் கோடு எங்கே என்பதில் எனக்கே இன்னும் முடிவில்லை.

கணக்குப் பார்ப்பதற்கு மூன்று பேர் வேண்டும். அதில் இருவர் குழாயில் தண்ணீர் பிடிக்கும் பெண்களாக இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. செயலாளர் அதில் ஒருவராக இருக்கக் கூடாது. மண்டப விஷயத்தில் தகராறு வந்தால் மண்டபக் கமிட்டிக்காரர் தீர்ப்பில் உட்காரக் கூடாது.

கூட்டம் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, அஸருக்குப் பிறகு. பெண்களுக்கு மேல்மாடியில் இடம், பேச மைக்கும் உண்டு. நாற்பது நாள் மீட்டர் நோட்டு மோட்டார் அறைக் கதவில் கயிற்றில் தொங்குகிறது. போன வருட ரசீதின் நகலையும் அதன் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.